நான் கை தட்டாத அந்த ஒரு நாள்

என் பக்கத்தை விட்டு இன்னும் போகாத செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருசம் ஆகிறது. இருபத்தேழு வருசம் என்னோடு வாழ்ந்த உங்களிடம் நான் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. உங்களைப் போல பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிற வீட்டுக்காரிகளும் படிக்கட்டும் என்று எல்லாருக்கும் தெரியவே எழுதுகிறேன்.

உங்கள் வலது கை விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸியிடம் போனோம். முதலில் எந்த வேலைக்குக் கை வேண்டும் என்று கேட்டார். சோறு அள்ளிச் சாப்பிட என்று சொல்வீர்கள் என நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுக்க என்றீர்கள். இடது கை ஊன்றுகோலுக்கு வேண்டுமே.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம் பலாபத்வலைக்கு இந்தப் பக்கம் சோதனைக்குப் பஸ்ஸில் ஏறிய சிப்பாய் அட்டை கேட்டான். உங்கள் கை பையைத் தேடி வயிற்றையே தடவிக்கொண்டிருந்தது. நான் அவசரப்பட்டு உங்கள் சட்டைக்குள் கையை விட்டேன். துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. அன்றைக்கு டவுன் வரைக்கும் இடது கையால் அந்தப் பையைப் பிடித்தபடியே வந்தீர்கள்.

மிஸ்ஸி மேசையில் ஒரு சின்னப் பெட்டியை வைப்பார். அது டிக், டிக் என்று ஒரே சீராக அடிக்கும். முதல் அடிக்குக் கையைத் தூக்க வேண்டும், இரண்டுக்குப் பையைத் தொட வேண்டும், மூன்றுக்கு அட்டையைப் பிடிக்க வேண்டும், நாலுக்கு நீட்ட வேண்டும். தாளம் கேட்டால் எப்போது கிளம்புவது என்று கைக்குத் தெரியுமாம். முதல் நாள் நாலு அடி போயும் கை மடியிலேயே கிடந்தது. "கை இன்னும் பெரட்டுக்கு வரல மிஸ்ஸி, அரைப் பேர் போட்டுருங்க" என்றீர்கள். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம், அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி; இந்தத் தோட்டத்துப் பேச்சு புரியாமலே அவரும் சிரித்தார்.

வீட்டில் பெட்டி இல்லாததால் என்னைக் கை தட்டச் சொன்னார். முதல் வாரம் நாலும் தட்டணும், அடுத்த வாரம் ஒன்று மட்டும், அதற்கடுத்து தட்டவே கூடாது. தாளம் உங்கள் மனசுக்குள்ளே போய்விட வேண்டும் என்றார்.

நான் நிறுத்தவில்லை. தட்டினால் கை வந்தது. தட்டாவிட்டால் பாதியில் நின்றது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நிறுத்திவிட்டேன் என்று மிஸ்ஸியிடம் பொய் சொன்னேன். நீங்களும் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. பஸ்ஸில் இருந்த எல்லாரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. இத்தனை தரம் பார்த்த நமக்கு, பிரித்துத்தான் நிறுத்துவார்கள் என்று ஏன் தோன்றவில்லை?

உங்கள் முறை வந்தபோது நான் பத்தடி தள்ளி நின்றேன். கை நெஞ்சு வரை போய் நின்றுவிட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் இரண்டு கையையும் சேர்க்கப் போனேன். பெண்களைச் சோதிக்கிற சிப்பாய்ப் பிள்ளை திரும்பி என் கையைப் பார்த்தாள். கீழே போட்டுவிட்டேன்.

சிப்பாய் சீக்கிரம் என்று சிங்களத்தில் சொன்னான். நீங்கள் கையைக் கீழே விட்டீர்கள். போச்சு என்று நினைத்தேன். பார்த்தால் உதடு அசைகிறது. முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். கை எழும்பியது, பையைத் தொட்டது, அட்டையைப் பிடித்தது. நான் தட்டுகிற வேகத்தில் பாதி கூட இல்லை. அட்டை தலைகீழாக வந்தது. அவன் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். அதே உதட்டு அசைவோடு அதைத் திரும்பப் பைக்குள்ளும் வைத்தீர்கள். அதை யாரும் உங்களுக்குப் பழக்கவில்லை.

பஸ் கிளம்பின பிறகுதான் சொன்னீர்கள்.

"நீ தட்டுறது ரொம்ப வேகம் புள்ள. கொழுந்து பறிக்கிற மாதிரி. என் கைக்கு ஓடவே சரியா இருந்திச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஆசையா தட்டுன."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் இரண்டாம் தரம் வாதம் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. கேட்காமல் விட்டது இதுதான். கை விழுவதற்கு முன்னாலும் இப்படித்தானா? நடப்பது, சாப்பிடுவது, பேசுவது, எல்லாவற்றிலும் நான் முந்திப்போக, நீங்கள் என் ஆசைக்காக ஓடிவந்தீர்களா?

இங்கே இப்போது பஸ்ஸை அவ்வளவாக மறிப்பதில்லை. நம் மகள் செல்விக்கு வயிற்றில் ஐந்து மாதம். மிஸ்ஸியிடம் போய் என் பொய்யைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும் அம்மா, அவர் கை ஒங்க வேகத்திலதானே வந்திச்சு" என்றார். திட்டவில்லை. வியாழக்கிழமைகளில் வந்து வீட்டுக்காரிகளோடு உட்காரச் சொன்னார். போகிறேன்.

போன வாரம் பல்லேபொலயிலிருந்து ஒரு முஸ்லிம் உம்மா வந்திருந்தார். கணவர் சட்டைப் பொத்தானோடு போராடுகிறார். மிஸ்ஸி தட்டாதீங்க என்ற பிறகும் உம்மாவின் கை முந்தானைக்குள் தட்டிக்கொண்டே இருந்தது. "எவ்வளவு நேரம்தான் பாத்துக்கிட்டு இருக்கிறது தங்கச்சி?" என்று கண் கலங்கினார். என் கதையை மட்டும் சொன்னேன்.

வருகிற வியாழனும் போவேன், செல்வி அப்பா. அந்த உம்மாவின் இரண்டு கையையும் எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அவர் வீட்டுக்காரர் கடைசிப் பொத்தானைத் தானே போட்டு முடிக்கும் வரை விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இனி உங்கள் நடைக்கே நடக்கப் பார்க்கிற,
உங்கள் செல்வி அம்மா