ரசீது வேண்டாத மனிதர்

புதன், இரவு

காட்டுப் பறவைகளுக்காக நன்கொடை திரட்டுவது என் பிழைப்பு. நூறு ரூபாய் கொடுப்பவர்கூட வரிவிலக்கு ரசீது வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. இன்று பெங்களூரு தொம்மலூரில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்தவரோ கட்டாகப் பணத்தை வைத்துவிட்டு, "ரசீதெல்லாம் எதுக்கு மேடம்? நான் தத்தெடுத்த ஆந்தைய வெள்ளிக்கிழமை போய்ப் பாத்துக்கிறேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காட்டில் இருக்கும் ஆந்தையின் பாதுகாப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு அதைத் தத்துக் கொடுக்கும் திட்டமே என் மூளையில் உதித்தது. முதல் ஆள் சிக்கிவிட்டார். காபி கொடுத்தேன். பொந்து இருக்கும் மரத்துக்கு வழியும் வரைந்து கொடுத்தேன். குஞ்சு பொரித்திருப்பதைக் கொசுறாகச் சொன்னேன்.

அவர் போனதும், கணக்கு பார்க்கும் ஸ்டெல்லா காலண்டரைத் திருப்பினாள். "வெள்ளிக்கிழமை அமாவாசைக்கா."

"சர்ச்சுக்குப் போறவளுக்கு அமாவாசை எதுக்குடி?"

"அமாவாசை பூஜைக்கு ஆந்தைய வெட்டுறாங்கன்னு நன்கொடை லெட்டர்ல நீங்கதானேக்கா எழுதினீங்க?"

எழுதினேன். படித்துவிட்டு அழுதவர்கள்கூட உண்டு.

அவர் கொடுத்த நம்பருக்கு அடித்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லையாம். மரத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் எங்கள் காவலர் மஞ்சுநாத்தை, வெள்ளிக்கிழமை முழுக்க அங்கேயே இருக்கச் சொன்னேன். பெரிய காரியம் சாதித்தவள் போலச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை பூஜை என்றால், அந்த ஆள் பறவையை அதற்கு முன்பே பிடித்தாக வேண்டும்.

மஞ்சுநாத்துக்கு மணி போகிறது. எடுக்கவில்லை. இன்னொரு தரம் அடித்துப் பார்க்கிறேன்.