மதியிடம் பக்குவமாகச் சொல்

மஸ்கட்
12.8.1999

அன்புள்ள சுந்தரிக்கு,

நான் நலம். திருவொற்றியூரில் நீயும் மதியும் சுகம்தானே? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

உன் கடிதம் கிடைத்தது. "மதி கிளாஸ்ல யசோதரான்னு ஒரு பொண்ணு திக்கித் திக்கிப் பேசுது. மதி அத்த அப்டியே பேசிக் காட்டிகினு கீது. சிரிச்சி சிரிச்சி வயிறு நோவுது" என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அறையில் ஹபீப் என்றொரு வங்காளி இருக்கிறான். அவனுக்கும் திக்கும். எல்லோரும் அவனைப்போல் பேசிக் காட்டிச் சிரிப்போம். அதில் நான்தான் கெட்டிக்காரன்.

போன வாரம் வேலையிடத்தில் என் பின்னால் ஓர் இரும்புக் குழாய் சரிந்தது. எதிரே நின்ற ஹபீப் அதைப் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. தோளில் நாலு தையல்தான், பயப்படாதே.

மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். "கூப்பிடத்தான் வாயத் திறந்தேன். திக்கினா சிரிப்பீங்களேன்னு ஒரு நொடி நின்னுட்டேன்" என்று இந்தியில் சொன்னான். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான். அன்றிலிருந்து யாரிடமும் அவன் பேசுவதில்லை. அந்தத் திறந்த வாய், சோற்றில் கை வைத்தால்கூட என் கண்ணெதிரே நிற்கிறது.

மதியை அடிக்காதே. அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை காத்திருக்கச் சொல். அப்பாவும் இப்படிச் சிரித்தவர்தான் என்பதையும் மறைக்காதே.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடும், மதி பேசிய கேசட் ஒன்றும் கொடுத்தனுப்பு. என்ன பேசினாலும் சரி.

ஊருக்குக் கிளம்பும் நண்பர் இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். யசோதரா பேசுவதையே விட்டுவிடுவதற்கு முன்னால் மதியிடம் சொல்லிவிடு.

உன்
தேசப்பன்