இடது கைக் கத்தரிக்கோல் ஒன்று, பழையது

அன்பு மகள் சுண்டெலிக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் இருந்தவரை உனக்குக் கடிதம் எழுதுவது அவர் வேலை, இப்போது அது என் தலையில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் அனுப்பிவிட்டது உனக்குத் தெரியும், ஆனாலும் இந்தத் தெருவில் என்னைப் போல எழுத ஆள் இல்லை என்று தபால்காரரே சொல்லியிருக்கிறார். சொல்லவில்லை என்றாலும் நினைத்திருப்பார்.

நீ அங்கே சொந்தத் தையல்கடை திறக்கிற அன்று அம்மாவின் கத்தரிக்கோலால்தான் முதல் துணியை வெட்டுவேன் என்று சொல்லி அதை அனுப்பச் சொன்னாய் அல்லவா. உங்கள் இரண்டு பேருக்கும் இடது கை, அண்ணி யோசிக்கவே இல்லை, கையில் இருந்த சட்டையை வெட்டி முடித்துவிட்டு எண்ணெய் போட்டுத் துடைத்து அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார். அது உனக்கு ஏன் இன்னும் வரவில்லை என்றால், தப்பு என்னுடையது. போனில் சொன்னால் நீ சிரிக்கிற சிரிப்பில் மீதியைச் சொல்ல விடமாட்டாய், அதனால்தான் காகிதம். தபால் நிலையத்தில் வெளிநாட்டுப் பார்சலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு படிவம் எழுதச் சொல்கிறார்கள். வெறும் கத்தரிக்கோல் என்று எழுதினால் ஒரு மரியாதை வேண்டாமா. இருநூறு வருஷப் பரம்பரைக் கத்தரிக்கோல், அரண்மனையில் பட்டு வெட்டியது, விலை மதிக்க முடியாதது என்று எழுதினேன், இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பெட்டி சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு வாசலுக்கே வந்து நின்றது. பழம்பொருளை நாட்டை விட்டு அனுப்ப அரசாங்க அனுமதி வேண்டுமாம். அண்ணியிடம் நான், அந்த விமானத்துக்கு நடுவானத்தில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, விமானி என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார் என்றேன். அண்ணி பெட்டியைப் பிரிக்காமலே அலமாரி மேல் வைத்துவிட்டார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிவந்த வலது கைக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அவர் படுகிற பாட்டை நீ பார்க்க வேண்டும், வெட்டுகிற கோடு தெரியாமல் கழுத்தைச் சாய்க்கிறார், கட்டைவிரல் அடியில் கொப்புளம், அதன்மேல் துணி சுற்றியிருக்கிறார். பார்சல்தான் திரும்பிவிட்டதே, போகிறவரை உங்களுடையதையே எடுத்து வெட்டுங்களேன் என்றேன். குடுத்தது குடுத்ததுதான், அது இப்போ அவளோடது, அதை நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரி என்று தனியார் கூரியருக்குப் போனேன். கத்தரிக்கோல் ஆடக்கூடாது என்று டிவி வந்த பெட்டியில் காகிதம் திணித்து எடுத்துப் போயிருந்தேன், அந்தப் பையன் எடை போடாமல் நீளம் அகலம் அளக்கிறான், எங்களுக்கு இடத்துக்குத்தான் சார் கட்டணம் என்கிறான். ஏன் தம்பி, காற்றுக்குமா என்று கேட்டேன். கடைசியில் கூர்மையான பொருள் எடுக்கவே மாட்டோம் என்று கையை விரித்தான். மாடி வீட்டு நர்ஸ் உங்கள் பக்கம்தான் பறக்கிறாள், அவளைக் கேட்டேன். தோள் பை மட்டும்தான் மாமா கொண்டுபோறேன், கத்தரிக்கோலோட என்னை விமானத்துல ஏத்துவாங்களா, என்னை வேலைக்கு அனுப்புறீங்களா ஜெயிலுக்கு அனுப்புறீங்களா என்றாள். நியாயம்தான்.

வேறு வழியில்லாமல் நேற்று அதே தபால் நிலையம், முதல் படிவத்தை வாங்கிய அதே கவுண்டர் அம்மா. என்னங்கய்யா, அரண்மனை திரும்பி வந்துடுச்சா என்று கேட்டதும் வரிசையே சிரித்தது. எப்போ வாங்கினது, எங்கே வாங்கினது, உண்மையைச் சொல்லுங்க என்றார். நீ பிறந்த வருஷம், அண்ணன் இரும்புக் கடையில் வாங்கிக் கொடுத்தது என்றேன். அப்போ பழைய கத்தரிக்கோல்னு மட்டும் எழுதுங்க, அதுக்கு மேல ஒரு எழுத்துகூட வேண்டாம் என்றார். முனையில் தக்கை செருகி, அட்டை சுற்றி, சின்னப் பெட்டியில் அவரே வைக்கச் சொல்லித் தந்தார். கத்தரிக்கோல், ஒன்று, இடது கை, பழையது. இந்த நாலு சொல் எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது, அவர் முத்திரை குத்த ஒரு நொடி. விமானத் தபாலில் மூன்று வாரம் என்கிறார், கடை திறக்க உனக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. ரசீது நகல் இதோடு இருக்கிறது, அந்த எண்ணைப் போட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே இரு. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துவிட்டு அப்புறம் சிரித்தார் பார், அண்ணன் போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

இனி ஒரு ரகசியம். அண்ணியிடம் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், பழையது அங்கே துணி வெட்டிச்சுன்னு காதால கேட்டப்புறம்தான் வாங்குவேன் என்கிறார். நான் வாங்கிவிட்டேன். என் டிரங்குப் பெட்டியில் குளிர்காலப் போர்வைக்கு அடியில் இருக்கிறது. அது எப்பேர்ப்பட்டது தெரியுமா என்று தொடங்கப் போனேன், வேண்டாம். இடது கைக் கத்தரிக்கோல், ஒன்று, புதியது.

நூல் அறாமல், ஊசி ஒடியாமல், வாசலில் ஆள் குறையாமல் உன் கடை நடக்கட்டும், நீ நீண்ட காலம் நன்றாக இரு. பெட்டி வந்ததும் போன் பண்ணாதே. முதலில் வெட்டு, பிறகு போன். அண்ணி உன்னோடு பேசி முடிப்பதற்குள் நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து புதியதை எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
போர்வையைக் காவல் காக்கும் உன் சித்தப்பா