பாதம் பார்த்தால் ஐந்து புள்ளி

2025 பெப்ரவரி 3, திங்கள்

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெறும் வயிற்றில் சீனி 118. "இன்னும் சீனி வருத்தம் இல்லை. ஆனா எல்லையில நிக்கிறீங்கள்" என்றார் டொக்டர். எனக்கு நாற்பத்தாறு. அப்பாவுக்கு வந்தது நாற்பத்தெட்டில்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேநீர் குடித்தேன். ஏன்? தெரியாது.

பெப்ரவரி 9, ஞாயிறு

நாலாம் மாடி ஷிம்னா நீரிழிவு கிளினிக் ஒன்றில் தாதி. எங்கள் ஃபிளாட் ஆட்களுக்கு ஒரு விளையாட்டுத் தொடங்கியிருக்கிறாள். இரண்டிரண்டு பேராகப் பன்னிரண்டு கிழமை. லிஃப்டை விட்டுப் படியேறினால் புள்ளி, சீனியில்லாத தேநீருக்குப் புள்ளி, தட்டில் பாதி மரக்கறி என்றால் புள்ளி, அரை மணி நேரம் நடந்தால் ஐந்து. சோடியில் இரண்டு பேரும் செய்தால்தான் கணக்கு. படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

என் சோடி யார்? இரண்டாம் மாடி மேபல் ரீச்சர்! எங்கள் ஈர உடுப்புத் தண்ணீர் தன் பல்கனியில் சொட்டுகிறது என்று சண்டை பிடித்து, இரண்டு வருஷமாக என் முகம் பார்க்காத மனிசி.

"ஷிம்னா, ஆளை மாத்தித் தாரும்."

"ஏலாது அக்கா. மத்த எல்லாரும் சோடி சேர்ந்திட்டாங்க. மிச்சம் நீங்க ரெண்டு பேரும்தான்."

பெப்ரவரி 12, புதன், பௌர்ணமிப் போயா விடுமுறை

மரைன் டிரைவ் கடற்கரை வீதியில் அரை மணி நேர நடை. ரீச்சர் முன்னால், நான் பின்னால். ஐந்து புள்ளி.

பெப்ரவரி 20, வியாழன்

நேற்று அலுவலகத்தில் சீனி போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, சீனியில்லாதது என்று படம் போட்டேன். இன்று காலை நடையில் மனம் கேட்கவில்லை. "ரீச்சர், நேற்று நான் களவு செய்தனான்."

அவர் நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "நான் ரெண்டு நாளா லிஃப்டிலதான் வாறன்" என்றார்.

பக்கத்தில் ரயில் போன சத்தத்திலும் அவர் சிரித்தது கேட்டது. புள்ளியைக் கழிக்கச் சொல்லி எழுதினோம். நாலாம் இடத்திலிருந்து ஆறாம் இடம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

ஐந்தாம் மாடித் தம்பதிக்கு எங்களைவிட நாலு புள்ளிதான் கூட. "விடக் கூடாது" என்கிறார் ரீச்சர். அவருக்குச் சீனி வருத்தம் வந்து பதினாறு வருஷமாம். இன்றைக்குத்தான் சொன்னார்.

பெப்ரவரி 25, செவ்வாய்

நடை முடிந்து கடலோரக் கட்டுச்சுவரில் இருந்தோம். ரீச்சரின் வெள்ளைக் காலுறையில், பெருவிரல் பக்கம், பழுப்பாக ஒரு கறை.

"என்ன ரீச்சர் இது?"

"சும்மா. சப்பாத்து வெட்டினது. நோகேல்லைப் பிள்ளை."

கழற்ற மாட்டேன் என்றார். நானே குனிந்து கழற்றினேன். விரலின் கீழே புண். சீழ்.

"எத்தினை நாள்?"

"ஒரு கிழமை இருக்கும். சொன்னா நடக்க விடமாட்டீர். உமக்கும் புள்ளி போயிடும்."

அன்றைக்கு லிஃப்டில் வாறன் என்றதும் இதனால்தான். ஏனென்று நான் கேட்கவேயில்லை.

நோகவில்லை என்றதுதான் எனக்குப் பயம். அப்பாவுக்கும் நோகவில்லை. பிறகு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கத்திவிட்டேன் — றோட்டென்றும் பார்க்கவில்லை — "புள்ளியாம் புள்ளி! காலைவிடப் பெரிசே?" ரீச்சரின் கண் கலங்கிப் போச்சு. அலுவலகத்துக்கு லீவு சொல்லி, ஓட்டோ பிடித்து, பொரளையில் ஷிம்னாவின் கிளினிக்குக்கே கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் புண்ணைக் கழுவிக் கட்டினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்குமாம்.

பெப்ரவரி 27, வியாழன்

ஷிம்னா வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. "என்ட ரூல்ஸிலதான் பிழை அக்கா. நடந்தாத்தான் புள்ளி எண்டு வச்சா, ஏலாத ஆள் மறைக்கத்தானே செய்யும்."

இன்று முதல் புது விதி: கதிரையில் இருந்தபடி கைப்பயிற்சி செய்தாலும் நடைக்குரிய புள்ளி உண்டு. தினமும் சோடியின் பாதத்தைப் பார்த்தால் இன்னும் ஐந்து.

பெப்ரவரி 28, வெள்ளி

குழுவைத் திறந்தால் வரிசையாகப் பாதங்கள். பித்தவெடிப்பு, மருதாணி, உடைந்த நகம். என் கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்ததில் அவருக்குப் புரைக்கேறிவிட்டது.

மார்ச் 22, சனி

புண் ஆறிவிட்டது. ரீச்சருக்கு அகலமான சப்பாத்துத் தேடிக் காலி வீதியில் நாலு கடை ஏறி இறங்கினோம். ஒன்றும் வடிவில்லையாம். வடிவில்லாததையே வாங்க வைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி. ஒன்றேதான். ரீச்சர் பக்கத்தில் இருந்தார்.

மே 5, திங்கள்

விளையாட்டு நேற்றோடு முடிந்தது. பதினொரு சோடியில் நாங்கள் ஏழாவது.

இன்று திரும்பவும் இரத்தப் பரிசோதனை. 99! தாளைப் பிடித்துக்கொண்டு நேரே இரண்டாம் மாடிக்குப் போனேன். ரீச்சர் கண்ணாடியைப் போட்டு, சோதனைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"கொலஸ்ரோல் இன்னும் கொஞ்சம் கூட, பிள்ளை. நாளைக்கு அஞ்சரைக்கே வெளிக்கிடுவம்."

சரியென்று சொல்லி, அங்கேயே சீனியில்லாத ஒரு பிளேன்ரீயும் குடித்து, வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது — கணவருக்கு 99 என்று இன்னும் சொல்லவில்லை.