எண்பதுக்குக் கீழே

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். கடை வாசல் சொதசொத. இன்று இரண்டு வண்டி. ஒன்றுக்கு ரிவர்ஸ் கேமரா. இன்னொன்று திரும்பி வந்த கேஸ். புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர். போன வாரம்தான் டிக்கியில் சப்வூஃபர் பெட்டி வைத்துக் கொடுத்தேன்.

"காதரு, பாடுறவன் டிக்கிக்குள்ள கெடந்து பாடுதான் வே. ஆளக் கடத்திட்டுப் போற மாதிரி இருக்கு. மத்த சத்தம் ஊசி வெச்சுக் குத்துது. எம் பொஞ்சாதி வண்டியில ஏற மாட்டேங்கா."

ஆம்ப்ளிஃபயர் திருகைப் பார்த்தேன். எண்பது ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது நூற்றைம்பதையும் தாண்டி நிற்கிறது. எண்பதுக்குக் கீழே உள்ள இடிச்சத்தம் டிக்கிப் பெட்டிக்கு, மேலே உள்ள பாட்டும் பேச்சும் கதவு ஸ்பீக்கருக்கு. நடுவில் ஒரு கேட், அதைச் சரியான இடத்தில் போடுவதுதான் என் பிழைப்பு. யாரோ தள்ளிப் போட்டிருக்கிறான். யாரோ என்ன, நான்தான். அன்றைக்குக் குரல் மெலிந்து கேட்டது, ஏற்றினேன். கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிளும் முழுசு. எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

முதலாளி அண்ணாச்சி கஸ்டமரிடம் எப்போதும் சொல்லுவார், "நம்ம ஆளுக்கு மீட்டர் எதுக்கு, பேர்லயே காது இருக்கே." இன்று சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: ஃப்யூஸ், இன்சுலேஷன் டேப், மகள் நஸ்ரினுக்கு நாலு கோடு நோட்டு.

ஜூலை 4, வெள்ளி

மழை இல்லை, காற்று மட்டும். ஜும்ஆ முடிந்து மேலகரம் கடைக்கு வந்தால், அண்ணாச்சி ஒரு வண்டியின் கதவுகளைத் திறந்து போட்டு, தன் போனை அதில் மாட்டி வைத்திருக்கிறார்.

"சும்மா ஒரு வெளையாட்டு வே. சத்தம் கேட்டா கையத் தூக்கும்."

முதலில் தரை அதிர்கிற சத்தம். தூக்கினேன். அடுத்தது கொஞ்சம் மேலே, அதற்கடுத்தது இன்னும் மேலே. பரீட்சையில் இப்படிக் கை தூக்கியிருந்தால் பத்தாவது பாஸ் ஆகியிருப்பேன். பிறகு அவர் சும்மா நின்று என்னையே பார்த்தார்.

"போடுங்க அண்ணாச்சி."

"போட்டாச்சு வே."

"எப்ப?"

"இப்பவும் ஓடுது."

திரும்பினேன். எதிர்த்த டீக்கடைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, எங்களைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். நல்ல வார்த்தையாக இருக்காது.

ரஹ்மத்திடம் சொல்லவில்லை. வீட்டுக்காரிக்கு இதெல்லாம் எதற்கு.

ஜூலை 6, ஞாயிறு

ஐந்தருவி. நஸ்ரின் கெஞ்சி மூன்று பேரும் போனோம். நல்ல தண்ணீர், அதைவிட நல்ல கூட்டம். அவளும் உம்மாவும் பெண்கள் பக்கம்.

தலையைக் கொடுத்துக் கண்ணை மூடி நின்றேன். அருவி இடிச்சத்தம், எனக்குப் பிடித்த சத்தம், ஒரு குறையும் இல்லை. சுற்றிலும் இடித்துக்கொண்டிருந்த ஆட்கள் திடீரென்று இல்லை. பரவாயில்லையே, ராஜ குளியல் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் எண்ணெயோடு ஒருத்தன் வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"ஏ பாட்டா, போலீசு விசில் விசிலா ஊதுதான், காது கேக்கலையா?"

நாற்பத்தாறு வயசில் பாட்டா. வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் தண்ணீர் செம்மண் கலரில், ஒரு மரக்கிளையோடு வருகிறது. நான் நின்ற இடம் தெரியவில்லை.

நஸ்ரின் அழுதாள். "எத்தன தடவ கூப்புட்டேன் வாப்பா."

"அருவிச் சத்தத்துல யாருக்கும்மா கேக்கும்?"

ரஹ்மத் துண்டை என் மேல் போட்டாள். "எல்லாருக்கும் கேட்டுச்சு."

பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

தென்காசியில் காது டாக்டர். ரஹ்மத்தும் வந்தாள். சின்ன அறை, ஹெட்போன், மறுபடி அதே கை தூக்குகிற விளையாட்டு. காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இடது ஓரத்திலிருந்து நேராக வந்து, பாதியில் செங்குத்தாகக் கீழே விழுகிறது. மெயின் அருவி மாதிரி இருக்கே டாக்டர் என்றேன். அவர் விளக்கம் சொன்னார்.

மூடின வண்டிக்குள் உட்கார்ந்து சத்தம் டெஸ்ட் பண்ணிப் பண்ணிக் காது போனது. போனது வராது. காதுக்கு மெஷின் வைத்தால் மிச்சம் இருப்பதைப் பெரிசாக்கும். இன்னும் இறங்குமா? இறங்கலாம். எதெது முதலில் போகும் என்று ரஹ்மத் கேட்டாள். விசில், பறவை, பொம்பளைங்க பேச்சு, சின்னப் பிள்ளைங்க பேச்சு. "சத்தம் வரும், என்ன சொல்லுறாங்கன்னு வெளங்காது."

மெஷினுக்கு அளவு கொடுத்தாச்சு.

ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் கேட் போட்டவனுக்கு யாரோ கேட் போட்டுவிட்டார்கள். இந்தத் திருகு மட்டும் என் கைக்கு எட்டாது. அல்லாஹ்வே, இதற்கு மேல் இறக்கினாலும் நஸ்ரின் குரலுக்கு மேலே நிறுத்து. வேறு ஒன்றும் கேட்கவில்லை. (கேட்கவில்லை. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.)

ஜூலை 9, புதன்

தூறல். அண்ணாச்சியிடம் சொன்னேன். சீட் கவர் கட்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "சீட் கவர், மிதியடி பாத்துக்கிடும் வே. ஸ்பீக்கர் பக்கம் வராதியும். ஒம்ம நல்லதுக்குத்தான்." நல்லதுக்குத்தான். இன்று ஐந்து சீட் கவர். சீட் கவர் பேசாது, நிம்மதி.

வீட்டில் பின்னாலிருந்து "வேய் காதரு" என்று அண்ணாச்சி குரல். பதறித் திரும்பினால் நஸ்ரின், நாடியை நெஞ்சில் அழுத்திக் கட்டைக் குரலில். "இப்பக் கேக்குதா வாப்பா?" ரஹ்மத் சிரித்துவிட்டாள். நானும். அப்புறம் சாப்பிடும்வரை பிள்ளை அந்தக் குரலிலேயே பேசினாள். தொண்டை வலிக்கும், போதும் என்றேன். பரவாயில்லை என்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. மூன்று சீட் கவர், ஒன்று தையல் பிரிந்து வந்தது, திருப்பி அனுப்பணும்.

சாயந்திரம் நஸ்ரின் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். முகம் எல்லாம் சந்தோஷமா, பயமா, பிரிக்க முடியவில்லை. அடுப்படியில் உம்மா இருக்கிறாளா என்று பார்த்தாள். கட்டைக் குரலில் ரகசியம் சொல்ல முடியாதே. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாயைக் காதோடு ஒட்டி வைத்துச் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். மூச்சு சூடாகப் பட்டது. நடுவில் ஒரு தடவை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். மூச்சு மட்டும்தான்.

விலகி என் முகத்தைப் பார்த்தாள். "உம்மாட்ட சொல்லாதீங்க, என்ன?"

இது உதட்டிலேயே தெரிந்தது. சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன்.