இரவல் காக்கி

மயிலாப்பூர், செவ்வாய்க்கிழமை

காலை ஆறேகால் மணிக்கு டெலிபோனில் செய்தி வந்தது. பட்டாளத்துக்கு அரிசி ஏற்றிப்போன சுந்தரத்தின் விமானம் அஸ்ஸாம் மலையில் மோதிவிட்டது. அவன் மனைவியிடம் சொல்லும் வேலையைக் கம்பெனி எனக்குக் கொடுத்தது. நானும் அங்கே பைலட். போன வருஷம் மனைவியைப் பறிகொடுத்தவன். எனக்குச் சொல்லத் தெரியும் என்று நினைத்தார்கள்போல.

ஆழ்வார்பேட்டையில் அவன் வீட்டுக் கொடியில் இன்னொரு காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வசந்தா வெகுநேரம் அழுதாள். பிறகு கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, அவரு மிலிட்டரி ஆளுதானே? பென்ஷன் குடுப்பாங்கல்ல?"

அந்தக் காக்கி இரவல். எதிரியிடம் சிக்கினால் ஒற்றன் என்று சுடாமல் கைதியாக வைப்பார்கள் என்பதற்காக மட்டும் பட்டாளம் தந்தது. மற்றபடி நாங்கள் கம்பெனி ஆட்கள்தான். பட்டாளத்துப் பென்ஷன் கிடையாது. சட்டை வந்த அன்றைக்கே சுந்தரம் சிரித்தான்: "வூட்ல உளறிடாத மச்சி, அவ இத்த நம்பித்தான் தூங்கப்போறா."

"குடுப்பாங்கம்மா" என்றேன்.

என் மனைவிக்கு ஜுரம் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன அதே குரல். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வசந்தா கண்ணைத் துடைத்தாள். "அப்ப எங்க நைனாகூட நெல்லூர் போவ வேணாம். இந்த வூட்டையே வெச்சிக்கிறேன். யாரைப் பாக்கணும்னு ராத்திரி மாடி வூட்டுலேந்து போன் பண்றேன்."

ராத்திரி ஒன்பதுக்கு என் வீட்டு டெலிபோன் மணி அடித்தது. நின்று, மறுபடியும் அடித்தது. ரிசீவரை எடுத்து மேஜைமேல் கிடத்திவிட்டேன்.