நிகரான பிரதி

மார்ச் 4

அன்புள்ள என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஒன்பது ஆய்வு நூலகங்கள் தங்கள் புத்தகங்களை ஒரே கிடங்கில் போட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று இரவல் கொடுத்துப் பிழைக்கும் இந்தக் கூட்டுத் தொகுப்புக்கு நேற்று முதல் நான் இயக்குநர். இங்கே எதையும் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. நாற்காலி, ஏணி, இயக்குநர் எல்லாமே ஏதோ ஒரு நூலகத்தின் இரவல். நம் நூலகம் என்னை மூன்று மாதத்துக்குக் கொடுத்திருக்கிறது. நூலகர் என்ற முறையில் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள். பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

நேர்காணலில் படிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "ஈரம் ஒத்துக்குமா? பூச்சி ஏதாவது அரிச்சிருக்கா?" என்றார்கள். எழுந்து திரும்பி நிற்கச் சொன்னார்கள். "நல்ல நிலைமையில இருக்காங்க" என்று குழுத் தலைவர் எழுதிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பு உங்கள் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது இதைவிட அதிகமாகக் கேட்டார்கள்.

முன்னாள் இயக்குநரின் கண்ணாடி மேசையிலேயே கிடக்கிறது. போட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருக்கிறது. "அந்த அம்மா எங்கே போயிட்டாங்க?" என்று கிடங்குக்காரரைக் கேட்டேன்.

"எங்கேயும் போகலை மேடம். கீழ்த்தளத்துல இருக்காங்க. யாராவது கேட்டா அனுப்புவோம்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அத்தைக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துங்கள்.

உங்கள்,
வேறு யார், நான்தான்

மார்ச் 15

அன்புள்ள டைரக்டரம்மா,

கடிதம் கிடைத்தது. பெருமையாக இருக்கிறது. நூலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எல்லோரும் "அப்படியா" என்றார்கள்.

வீட்டில் ஒரு குறையும் இல்லை, குழாய் ஒழுகுவதையும் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாததையும் தவிர. அம்மா மட்டும், "இவ இருந்தப்போ கதவைப் படார்னு சாத்துவா. இப்போ சத்தமே இல்லாம வீடு என்னவோ மாதிரி இருக்குடா" என்கிறாள். உன்னைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை இது. பத்திரமாக வைத்துக்கொள்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடு. அடுத்தவர் பொருள்.

அன்புடன்,
வீட்டுக்காரன்

ஜூன் 6

என்னங்க,

மூன்று மாதம் முடிந்தது. பெட்டியைக் கட்டி வைத்தேன். கிடங்குக்காரர் வந்து அவிழ்த்துவிட்டார். "உங்களை யாரும் திருப்பிக் கேக்கலை மேடம். அதனால நீட்டிச்சாச்சு." இங்கே அதுதான் வழக்கமாம். கேட்காதது எல்லாம் இங்கேயே இருக்கும்.

என் அறையில் இப்போது ஜன்னலைத் திறப்பதில்லை. வெளிச்சம் எனக்கு ஆகாதாம். காலையில் ஒருவர் மெல்லிய தூரிகையோடு வந்து என் தோளைத் துடைத்துவிட்டுப் போகிறார். வலிப்பதில்லை. நேற்று குளிக்கும்போது பார்த்தேன், முழங்கைக்கு உள்பக்கம் ஓர் எண். பென்சிலில்தான் எழுதியிருக்கிறார்கள், மையில் இல்லை. அந்த ஒழுக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

கேட்டு எழுதுங்கள். கணவராகக் கேட்டால் எடுபடாது, நூலகராகக் கேளுங்கள். தயவுசெய்து சீக்கிரம்.

நான்தான்

ஜூன் 14

அன்புள்ளவளே,

இப்படிப் பயப்படலாமா? தூசி தட்டுவது நல்ல விஷயம்தானே. நம் நூலகத்தில் பத்து வருஷமாக என்னை யாரும் தட்டியதில்லை.

கேட்டு எழுதிவிட்டேன். அலுவலகத் தாளில், முத்திரையோடு. கடைசியில், நாம் எந்த இரவலுக்கும் சேர்க்கும் மரியாதை வரியையும் சேர்த்தேன்: "கேட்டது கிடைக்காவிடில், நிகரான வேறு பிரதி அனுப்பினாலும் ஏற்போம்." அதில்லாமல் எழுதினால் அதிகாரமாகத் தெரியும். நாளைக்கு நமக்கும் புத்தகம் வேண்டுமே.

அம்மா உன்னை விசாரித்தாள். உப்பை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அன்புடன்,
வீட்டுக்காரன்

ஜூன் 21

என்னங்க,

அந்த வரியை எடுத்துவிடுங்கள். தந்தி அடித்தாவது எடுத்துவிடுங்கள்.

இன்று கீழ்த்தளத்துக்குப் போனேன். அலமாரிகளுக்கு நடுவே முன்னாள் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். அவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். என் மாதிரியே தலை வாரியிருந்தார். "ஒரு நூலகத்துல கேட்டிருக்காங்க மேடம். உங்களைக் கொடுக்க முடியாது, நீங்க உபயோகத்துல இருக்கீங்க. அதான் இவங்க," என்றார் கிடங்குக்காரர்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "உப்பு எந்த டப்பாவுல இருக்கு?"

சொல்லிவிட்டேன். கேட்டால் சொல்வதுதானே என் வேலை. நான் ஒப்பமிடாமல் எதுவும் வெளியே போகாது என்று தாளையும் நீட்டினார்கள். மாட்டேன் என்றேன். யாரும் கோபப்படவில்லை. சும்மா காத்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

வாங்காதீர்கள். கதவைத் திறக்காதீர்கள்.

நான்

ஜூலை 19

அன்புள்ள டைரக்டரம்மா,

உன் கடிதம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. வாசலில் தபால்காரரிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்ததே நீ அனுப்பியவள்தான். அதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டாள். நானும் பழக்க தோஷத்தில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தவறான பிரதி வந்திருப்பதாக உடனே தொகுப்புக்கு எழுதினேன். ஒரு சமயத்தில் ஒரு வாசகருக்கு ஒன்றுதான், முதலில் இதைத் திருப்புங்கள், பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம் என்று பதில். நியாயம்தான். நானும் வாசகர்களிடம் அதைத்தான் சொல்கிறேன்.

திருப்பி அனுப்பப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். "கட்டின பொண்டாட்டியை எங்கடா திருப்பி அனுப்புவே? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினாள். அவளுக்குக் கண் மங்கல் என்று நினைத்தேன். அடுத்த வீட்டுக்காரரும், "ஊர்லேருந்து எப்போ வந்தாங்க? இளைச்சுட்டாங்களே" என்கிறார். அவள் குழாயைச் சரி செய்துவிட்டாள். ஜன்னல்களைச் சாத்தியே வைக்கிறாள். நேற்று கதவைப் படார் என்று சாத்தினாள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முழங்கையில் இருந்த எண்ணை ரப்பரால் அழித்திருக்கிறாள். கூர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. நான் கூர்ந்து பார்ப்பதில்லை.

அவளுடைய இரவல் தவணை நாளையோடு முடிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, ஒரு மாதம் நீட்டிப்பு கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு மாதம். நீட்டிப்பு விண்ணப்பம் இயக்குநர் பெயருக்குத்தான் வர வேண்டுமாம். அதனால் இத்துடன் வைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
நூலகர்